பட்டாணியின் பிஸ்கட்டைத் தின்றவள்

முதலில் கோடுதான் கோணியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பிஸ்கட் சுடுகிற நேரம். கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் சரிபாதி, ஒரு முட்டை, வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல், ஈரல் வெந்த தண்ணீர். பிசைந்து பலகையில் தேய்த்து, தீபாவளிக்குக் கலகலா வெட்டுவது போலக் கத்தியால் சாய்சதுரமாகக் கீற வேண்டும். இரண்டு வருடமாக வாராவாரம் செய்கிற வேலை. அன்றைக்குக் கத்தி நேராகப் போகவில்லை. கோடு நெளிந்தது. கத்தி மழுங்கிவிட்டது என்று கொல்லைப்பக்கம் போய்க் கல்லில் தீட்டிக்கொண்டு வந்தேன். மறுபடியும் நெளிந்தது. வந்த கோபத்தில் மாவை உருட்டிச் சுவரில் அடித்தேன்.

கையை நான் பார்க்கவே இல்லை. நோய் என்றால் வலிக்க வேண்டும், காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல இருக்கிற யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் கையைப் பாருங்கள். கத்தியை அப்புறம் திட்டலாம்.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் சண்முகம் அங்கே கடைசல் பிடிக்கிற டர்னர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. பட்டாணி எங்கள் பிளாக்கின் மாடிப்படிக்கு அடியில் கிடைத்த பெட்டை நாய். செவலை நிறம், இடது காது மட்டும் மடிந்திருக்கும். பட்டாணி அளவில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

ஆபீஸர் பங்களா நாய்கள் டப்பா பிஸ்கட் தின்னும். எங்கள் பட்டாணி என்ன குறைச்சல் என்கிற வீம்பில்தான் பிஸ்கட் சுட ஆரம்பித்தேன். அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் முக்கால் மணி நேரம். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. கீழ்வீட்டுப் பெண்கள் என்னை 'நாய்க்குப் பலகாரம் சுடுற மகராசி' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

கோடு கோணிய அந்த மாதத்திலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன், திரும்ப வந்து திறப்பேன். மார்கழியில் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். நெஞ்சு எந்நேரமும் மாடிப்படி ஏறிக்கொண்டே இருந்தது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். பால்காரரை, பக்கத்து வீட்டை, சண்முகத்தை, எல்லாரையும் கடித்துக் குதறினேன்.

என் குணத்துக்கு எல்லாரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. "மடியில ஒண்ணு இருந்தா இப்பிடி அலைவாளா?" என்று என் காதுபடவே சொன்னார்கள். கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உட்கார முடியாததால் நடந்தேன். நடக்க ஒரு சாக்கு வேண்டுமே, பட்டாணியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். காலையில் ஸ்டேஷன் வரைக்கும், பத்து மணிக்கு மைதானத்தைச் சுற்றி, மதிய வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. ஆரம்பத்தில் அது முன்னால் ஓடியது. பிறகு பக்கத்தில் வந்தது. கடைசியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் இழுபட்டு வந்தது.

அப்புறம் பசி. இதை எழுதத்தான் இத்தனை வருடம் தயங்கினேன்.

சோறு தின்று கை காய்வதற்குள் வயிறு மறுபடி கூப்பிட்டது. எங்கள் பக்கத்து வழக்கத்தில், வீட்டுக்காரர் சாப்பிட்ட பிறகு பானையில் இருப்பதை ஒரு வேளை உட்கார்ந்து தின்பதுதான் பெண்பிள்ளைக்கு அழகு. நடுவில் பானையைத் திறந்தால் 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்பார்கள். என்னை யாரும் சொல்லவில்லை. என் அம்மா மற்றவர்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது போதும். ஆனால் நாய் டப்பாவைத் திறந்தால் யார் கேட்பார்கள்? ஒரு நாள் பட்டாணிக்கு ஒன்று போட்டேன், எனக்கு ஒன்று போட்டுக்கொண்டேன். ஈரல் வாசனையோடு, உப்பில்லாமல், மொறுமொறுவென்று இருந்தது. அன்றைக்கு ஒன்பது தின்றேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை நிறைத்த டப்பா புதன்கிழமைக்குள் காலி. அதற்கு ஒன்று, எனக்கு நான்கு என்கிற கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தின்றும் என் ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆயின. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

சண்முகம் அதிகம் பேசாதவர். கவனிக்கிறவர். ஒரு நாள் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு, பட்டாணியின் விலா எலும்பைத் தடவினார்.

"இவ்வளவு தின்னும் எலும்பா இருக்கு. வயித்துல புழு இருக்கு, சரசு."

வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி, ஒரு பாவமும் அறியாத நாயின் தொண்டைக்குள் என் கையாலேயே தள்ளினேன். மூன்று நாள். அது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

சண்முகம் அதோடு விடவில்லை. தொழிற்சாலையில் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டு வந்தார். நாயின் புழு மனுஷிக்கும் ஒட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் மெலிகிறேன், நாயும் மெலிகிறது. அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கும் பூச்சி மருந்து வாங்கி வந்தார். அதையும் குடித்தேன். குடித்துவிட்டு ஏழு பிஸ்கட் தின்றேன்.

கடைசியில் ஒரு நாள் சொன்னார். "எதிராஜ் வேப்பம்பட்டுல இடம் வாங்கி வீடு கட்டிட்டான். காவலுக்கு ஒரு நாய் வேணும்கிறான். பட்டாணிய அங்க விட்டுடலாம். அது இருக்கிற வரைக்கும் உனக்கு ஒடம்பு தேறாது."

எதிராஜ் அவரோடு வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் நான் தின்றதற்கு நாயை நாடு கடத்துவதா? அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். நாய்ச் சாப்பாட்டைத் திருடித் தின்கிறவளைப் பைத்தியம் என்றுதானே சொல்வார்கள்? ஏற்கெனவே பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒரு தடவை மாட்டு டாக்டர்கிட்டக் காட்டிட்டு அப்புறம் விடலாம்" என்று மட்டும் கேட்டேன். சரி என்றார்.

பூந்தமல்லியில் கால்நடை மருத்துவமனை. தெரிந்தவர் ஆட்டோவில் போனோம். வாசலில் இரண்டு எருமை, ஒரு கூடைக் கோழி, நாங்கள். அங்கிருந்த ஊழியர், "இன்னாம்மா, நாயிக்கு முன்னாடி நீ வுயிந்துடுவ போல கீதே, அந்த பெஞ்சில குந்து" என்றார். குந்த முடிந்தால் நான் ஏன் குந்தாமல் இருக்கிறேன் என்று அவர்மேல் பாய்ந்தேன்.

டாக்டர் பஷீருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பட்டாணியை மேசைமேல் ஏற்றினார். கடித்துவிடாமல் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நடுங்குதே. பயமா? எப்பவும் இப்பிடியா?"

"இல்லை சார்."

"கையை எடுங்க."

எடுத்தேன். பட்டாணி மேசைமேல் அசையாமல் நின்றது.

"வைங்க."

வைத்தேன். நடுங்கியது.

அவர் நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நடுங்கறது நாய் இல்ல. நீங்க."

இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். என் விரல்களின்மேல் வெளிநோயாளிச் சீட்டை வைத்தார். காற்றே இல்லாத அறையில் அந்தச் சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. சண்முகம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி என் கழுத்தைக் கவனித்தார்.

"பசி எப்படி?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பட்டாணி மேசைமேல் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பிஸ்கட்டை எல்லாம் நான்தான் சார் தின்னேன். இது ஒண்ணும் தின்னலை. இதுக்குப் புழு கிழு ஒண்ணும் கிடையாது. நான்தான் தின்னேன்."

எருமைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சண்முகம் மெதுவாகக் கேட்டார்.

"பசிக்குதுன்னு சொன்னா நான் போட மாட்டேனா, சரசு?"

என்னை யாராவது அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். "நான் மாட்டு டாக்டர், உங்களுக்கு மருந்து எழுதக் கூடாது. ஆனா இது குணமும் இல்ல, பேயும் இல்ல. கழுத்துல இருக்கிற சுரப்பி தறிகெட்டு வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு சீட்டில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஹைப்பர் தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் சுரப்பது) என்றார்கள். உடம்பின் அடுப்பைக் குறைக்க ஆளில்லாமல் முழுத் தீயில் எரிகிறது, அதனால்தான் எவ்வளவு தின்றாலும் எரிந்துபோகிறது, வியர்க்கிறது, இருப்புக் கொள்ளவில்லை என்று அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார். "எரிச்சலும் அதாலதான் வருது" என்றும் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பால்காரரைத் திட்டியது நானா, சுரப்பியா? இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

சுரப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, இதயத் துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரை. பட்டாணி எங்களோடேயே இருந்தது. வேப்பம்பட்டுப் பேச்சை சண்முகம் எடுக்கவில்லை. எனக்குத் தனியாக ஒரு டப்பா வாங்கி வந்து வறுகடலையும் பேரீச்சம்பழமும் நிறைத்து, நாய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் மூடி வேறு நிறம். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் வரும், அழுகையாகவும் வரும்.

நான்கு மாதத்தில் கை நின்றது. கோடு நேரானது. உடனே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நன்றாகிவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். தான் தின்றதை மறைத்து நாய்க்கு வேப்ப உருண்டை கொடுத்தவளுக்கு வீட்டுக்காரரை ஏமாற்றுவது பெரிய வேலையா? இரண்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. கண் பிதுங்கியது. நெஞ்சு தாளம் தப்பி அடித்தது. தயவுசெய்து கேளுங்கள்: நன்றாக இருக்கிற நாளில்தான் மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

இனி அறுவை சிகிச்சைதான் என்று முடிவாயிற்று. அதற்கு முன் துடிப்பை அடக்க மூன்று வாரம் வார்டில் படுக்க வேண்டும். வீட்டில் ஆளில்லை. சண்முகத்துக்கு ஷிப்ட். பட்டாணி வேப்பம்பட்டுக்குப் போயிற்று. தடுக்க நினைத்தது கடைசியில் என் முட்டாள்தனத்தாலேயே நடந்தது. எதிராஜ் வந்து கயிற்றைப் பிடித்தபோது அது என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"கவலப்படாதீங்க அண்ணி, நம்ம ஊட்டுப் புள்ள மாரி பாத்துக்கிறேன். நீங்க வந்து கூப்ட்டா ஓடியாந்துடும்" என்றார் எதிராஜ்.

வார்டில் நான் தூங்கும்போது நர்சம்மா வந்து நாடி எண்ணுவார். விழித்திருக்கும்போது எண்ணினால் என் பதற்றமும் அதில் சேர்ந்துவிடுமாம். கடைசிப் பத்து நாள் பாலில் பழுப்பு நிறச் சொட்டு மருந்து (அயோடின், சுரப்பியின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதற்கு). வராந்தாவில் நான் நடக்கிற நடையைப் பார்த்து, தரை தேய்ந்தால் கட்டித் தர வேண்டும் என்று பக்கத்துக் கட்டில் அம்மா கேலி செய்வார்.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டரம்மா சொன்னார். குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. தொடாமல் எடுக்கப் பார்ப்பார்கள். சில சமயம் இழுபடும். அப்போது குரல் கம்மும். பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. எல்லாரும் உயிரைப் பற்றிக் கேட்பார்கள் போலிருக்கிறது. நான், "நாயைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டேன்.

கண் திறந்தபோது கழுத்து அசையாதிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. தண்ணீர் கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததால்). அதற்கு ஊசி போட்டார்கள், சரியாயிற்று. குரல் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உடம்பில் இன்னொருத்தி குடிவந்தது போல இருந்தது. நெஞ்சுச் சத்தம் கேட்கவே இல்லை. முதல் நாள் பயந்துபோய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், அடிக்கிறதா என்று. காலையில் எழுந்து ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும்போது பத்து மணி ஆகியிருக்கும். முன்பு ஒரு நாளைக்குள் மூன்று நாள் இருந்தது. இப்போது நாள் எங்கே போனதென்றே தெரியவில்லை. சுரப்பியில் மிச்சம் வைத்தது போதவில்லை, இனி ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். இந்த முறை நிறுத்த மாட்டேன் என்று சண்முகம் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆனால் மனசு மட்டும் பழைய வேகத்தில் பறந்தது. இரண்டு மாதம் ஆகிவிட்டது. பட்டாணி என்னை மறந்திருக்குமா? போய்க் கூப்பிட்டால் வருமா? கூப்பிடக் குரலே இல்லையே? மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை ஈரல் வாங்கி வரும்படி எழுதிக் காட்டினேன். மாவு பிசைய ஒரு மணி நேரம் ஆயிற்று. கத்தி நேராகப் போயிற்று.

மறுநாள் ரயில் ஏறினோம். திருநின்றவூர் தாண்டி வேப்பம்பட்டு. எதிராஜ் வாசலிலேயே நின்றார்.

"இன்னா அண்ணி, எப்பிடி கீறீங்க? பட்டாணி பின்னாடி கீது பாருங்க. நல்லா துன்னுட்டு குண்டாயிட்ச்சி."

வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் புங்கமர நிழலில் படுத்திருந்தது. உண்மையிலேயே குண்டாகியிருந்தது. எதிராஜ் வீட்டு மீன் குழம்புச் சோறு அதன் உடம்பில் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். மடிந்த காது லேசாக அசைந்தது. டப்பாவைத் திறந்து காட்டினேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் முன்னங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டது.

"இருங்க அண்ணி, நான் கூப்ட்றேன்" என்றார் எதிராஜ். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

எனக்குப் புரிந்தது. அது என்னை மறக்கவில்லை. நன்றாக நினைவு வைத்திருந்தது. என்னோடு கிளம்பினால் வெயிலில் இழுபட வேண்டும், கசப்பு உருண்டை விழுங்க வேண்டும், வேறென்ன சுகத்தைக் கண்டது? அதன் இடத்தில் நான் இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். சண்முகமும் எதிராஜும் உள்ளே போனார்கள். நான் அதற்குச் சற்றுத் தள்ளி, அதே நிழலில் தரையில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நடந்தது எதுவுமில்லை. ஒரு ரயில் போயிற்று. கோழி ஒன்று வந்து டப்பாவைக் கொத்திவிட்டுப் போயிற்று. பட்டாணி கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும், மூடும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிராஜ் டீ டம்ளரோடு வெளியே வந்து கத்தினார். "இன்னா அண்ணி, நெழல்ல குந்துனீங்க, நெழலு எங்கியோ பூட்ச்சே! ஒரு மணி நேரமா வெயில்லயா குந்திகினு கீறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். மரத்து நிழல் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. ஒரு காலத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட உட்கார முடியாத நான், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலைக்கூட மாற்றி வைத்த ஞாபகம் இல்லை. சண்முகம் எதிராஜுக்குப் பின்னால் கொல்லைவாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பட்டாணி எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்து என் கழுத்துத் தழும்பை ஒரு முறை முகர்ந்தது. பிறகு என் தொடையில் தலையை வைத்தது. அதன் தலைமேல் கையை வைத்தேன். கையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். இரண்டு பேரும் நடுங்கவில்லை.

டப்பாவிலிருந்து அதற்கு ஒன்று கொடுத்தேன், பழக்க தோஷத்தில் நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஈரல் வாடை குமட்டியது. உப்பு உறைப்பு ஒன்றும் இல்லை. இதையா அத்தனை மாதம் தின்றேன் என்றிருந்தது. கடித்த மிச்சத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.